வகுத்தல் என்பது திரும்பத் திரும்பக் கழித்தலே
குழந்தைகளுக்குக் கணக்குக் கற்பிக்கும் ஓர் எளிய முறை

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நான்கு கணக்குகளுள் கூட்டுறவுச் சங்கத்திற்கு மிகவும் உரியது எது என்று கேட்டால், வகுத்தல் என்றே விடை கூறவேண்டும். ஆண்டு முடிவில் கிடைத்த லாபத்தை அங்கத்தினர்களுக்குப் பகிர்ந்தளிப்பது வகுத்தல். வந்த நூலைத் தறிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது வகுத்தல். விதையையும் உரத்தையும் நிலத்தின் அளவுக்கேற்பப் பங்கிடுவதும் வகுத்தலே. கணக்கில் வகுத்து வரும் விடைக்கு ஈவு என்று பெயர். சங்கம் தன் அங்கத்தினருக்கு அளிக்கும் லாபப் பங்கிற்கும் ஈவு என்றே பெயர். ஈதல் என்னும் ஒரே சொல்லிலிருந்து பிறந்த இவ்விரண்டும் ஒன்றையொன்று நினைவூட்டுவது நம் மொழியின் சிறப்பு எனலாம்.

இவ்வளவு வேண்டப்படும் கணக்காயினும், நம் குழந்தைகள் மிகவும் அஞ்சுவது வகுத்தலைத்தான். மூன்றாம் வகுப்பு வரையில் கணக்கில் உற்சாகமாக இருந்த பிள்ளை, நான்காம் வகுப்பில் வகுத்தல் வந்தவுடன் சிலேட்டைக் கண்டாலே சோர்வடைவதைப் பல வீடுகளிலும் காண்கிறோம். இதற்குக் காரணம் பிள்ளையின் மந்த புத்தி அன்று. கூட்டலும் கழித்தலும் எதனைச் செய்கின்றன என்பதைக் குழந்தை கண்ணால் கண்டிருக்கிறது. வகுத்தலோ, "இத்தனை தடவை போகும், அடுத்த எண்ணைக் கீழே இறக்கு" என்னும் கட்டளைகளாகவே அதனிடம் வந்து சேருகிறது. ஏன் போகிறது, ஏன் இறக்க வேண்டும் என்பதை எவரும் கூறுவதில்லை. பொருள் விளங்காத கட்டளை விரைவில் மறந்துபோகும். மறந்ததை அடித்துக் கேட்டால் அச்சம் மட்டுமே மிஞ்சும்.

இவ்வச்சத்தைப் போக்கும் வழி பழமையானது, எளியது. வகுத்தல் என்பது ஓர் எண்ணிலிருந்து மற்றோர் எண்ணைத் திரும்பத் திரும்பக் கழித்து, எத்தனை முறை கழித்தோம் என்று எண்ணுவதே என்பதைக் குழந்தைக்குக் காட்டுவதுதான் அவ்வழி. இதற்குப் பெற்றோர் பெரிய படிப்புப் படித்திருக்க வேண்டுவதில்லை.

களத்தில் நடக்கும் வகுத்தல்

நெற்களத்தில் பொலியை அளக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். அளப்பவர் முதல் மரக்காலை "ஒன்று" என்னாமல் "லாபம்" என்று மங்கலமாகத் தொடங்கி, "இரண்டு", "மூன்று" என்று எண்ணிக்கொண்டே நெல்லை அள்ளிப் போடுவது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிய முறை. ஒவ்வொரு முறையும் குவியலிலிருந்து ஒரு மரக்கால் நெல் குறைகிறது. குவியல் தீரும்போது வாயில் நிற்கும் எண்ணே விடை. மரக்கால் நிரம்பாமல் அடியில் கிடப்பது மீதி.

இது முழுமையான வகுத்தல் கணக்கு. குவியல், வகுபடும் எண்; மரக்கால், வகுக்கும் எண்; வாயில் சொல்லும் எண்ணிக்கை, ஈவு. எழுதப் படிக்க அறியாத உழவரும் தம் வாழ்நாள் முழுவதும் வகுத்தலைச் செய்தே வந்திருக்கிறார். ஆதலால் "எனக்குக் கணக்குத் தெரியாது, பிள்ளைக்கு நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?" என்று எந்த அங்கத்தினரும் பின்வாங்க வேண்டுவதில்லை.

முதற் பாடம்: புளியங்கொட்டை

குழந்தையிடம் 20 புளியங்கொட்டைகளைக் கொடுங்கள். "ஒரு கிண்ணத்தில் 5 வீதம் போட்டால் எத்தனைக் கிண்ணம் வேண்டும்?" என்று கேளுங்கள். வகுத்தல் என்ற சொல்லையே இப்போது உச்சரிக்க வேண்டாம். குழந்தை ஐந்து ஐந்தாக எடுத்துப் போடட்டும். எடுக்கும்போதே பின்வருமாறு எழுதச் சொல்லுங்கள்:

20 − 5 = 15 (முதல் முறை)
15 − 5 = 10 (இரண்டாம் முறை)
10 − 5 = 5 (மூன்றாம் முறை)
5 − 5 = 0 (நான்காம் முறை)

நான்கு முறை கழித்தோம், கொட்டை தீர்ந்தது, ஆகவே நான்கு கிண்ணம். இவ்வாறு இரண்டு மூன்று நாள் பல எண்களை வைத்துச் செய்த பின்னரே, "இதைத்தான் 20 ÷ 5 = 4 என்று சுருக்கமாக எழுதுகிறோம்" என்று கூறுங்கள். செயல் முன்னே, பெயர் பின்னே என்பதே இங்கு விதி.

அடுத்து மீதி வரும் கணக்கைக் கொடுக்கலாம். தறியிலிருந்து அறுத்த துணி 47 மீட்டர் இருக்கிறது, ஒரு வேட்டிக்கு 4 மீட்டர், எத்தனை வேட்டி? நான்கு நான்காகக் கழித்துக்கொண்டு போனால் 11 முறை கழித்தபின் 3 மீட்டர் எஞ்சும். மூன்றிலிருந்து நான்கைக் கழிக்க இயலாது. ஆதலால் அங்கே நிற்கிறோம். மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாகவே ஏன் இருக்க வேண்டும் என்பது குழந்தைக்குத் தானே விளங்கிவிடும். இன்னும் ஒரு வேட்டிக்குத் துணி இருந்தால் கழித்தல் முடியவில்லை என்றுதானே பொருள்!

பங்கிடுதலும் அளந்தெடுத்தலும்

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வகுத்தலில் இருவகைக் கேள்விகள் அடங்கியுள்ளன. "24 மாம்பழத்தைக் கூடைக்கு 6 வீதம் வைத்தால் எத்தனைக் கூடை?" என்பது ஒன்று. "24 மாம்பழத்தை 6 பேருக்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை?" என்பது மற்றொன்று. விடை இரண்டிற்கும் 4 தான். முதற் கேள்வி அளந்தெடுத்தல். அதில் கழித்தல் வெளிப்படையாகத் தெரிகிறது. இரண்டாவது பங்கிடுதல், அதில் கழித்தல் எங்கே என்று குழந்தை திகைக்கக்கூடும்.

பங்கிடுதலையும் சுற்றுச் சுற்றாகச் செய்து காட்டினால் திகைப்பு நீங்கும். ஆறு பேரை வட்டமாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு பழம் கொடுத்து வாருங்கள். ஒரு சுற்று முடிந்தால் கூடையில் 6 பழம் குறைந்திருக்கும். 24 − 6 = 18. இரண்டாம் சுற்றில் 12. மூன்றாம் சுற்றில் 6. நான்காம் சுற்றில் ஒன்றுமில்லை. நான்கு சுற்று நடந்தது. ஆகவே ஆளுக்கு நான்கு பழம். பங்கிடுதலும் கழித்தலே, சுற்றுக்கு ஒருமுறை கழிக்கிறோம் என்பதுதான் வேறுபாடு. இவ்விரண்டும் ஒன்றே என்று உணர்ந்த குழந்தை, எவ்வகைக் கேள்வி வந்தாலும் தடுமாறாது.

பெரிய எண் வந்தால்?

"சிறிய எண்ணுக்கு இது சரி. ஆயிரக் கணக்கில் வந்தால் எத்தனை முறை கழித்துக் கொண்டிருப்பது?" என்று நீங்கள் கேட்கலாம். அதே கேள்வியைக் குழந்தையும் கேட்க வேண்டும். கேட்கும் வரை காத்திருங்கள். நீண்ட கழித்தலில் சலிப்புற்று, "ஒரே தடவையில் நிறையக் கழிக்கலாமா?" என்று குழந்தை கேட்கும் நாள்தான் அது அடுத்த படிக்குத் தயாரான நாள்.

நிலக்கடலை 936 கிலோ இருக்கிறது. மூட்டைக்கு 40 கிலோ. எத்தனை மூட்டை? ஒவ்வொரு நாற்பதாகக் கழிப்பதற்குப் பதிலாக, "பத்து மூட்டைக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். 400 என்று குழந்தை சொல்லும். பிறகு:

936 − 400 = 536 (10 மூட்டை)
536 − 400 = 136 (10 மூட்டை)
136 − 80 = 56 (2 மூட்டை)
56 − 40 = 16 (1 மூட்டை)

10 + 10 + 2 + 1 = 23 மூட்டை; மீதி 16 கிலோ. சரிபார்க்க 23-ஐ 40-ஆல் பெருக்கினால் 920. அதனோடு 16-ஐக் கூட்டினால் 936.

இன்னொரு பிள்ளை முதலிலேயே 20 மூட்டைக்குரிய 800-ஐக் கழிக்கலாம். மற்றொன்று ஐந்து ஐந்தாகக் கழிக்கலாம். எல்லாருக்கும் விடை ஒன்றே. நீண்ட வழியில் சென்ற பிள்ளையைக் குறை கூறாதீர்கள். குறுகிய வழியைக் கண்ட பிள்ளையை அதனை விளக்கச் சொல்லுங்கள். அடுத்த கணக்கில் முதற் பிள்ளையும் தானே குறுக்கு வழிக்கு வந்துவிடும்.

வாய்பாடு முழுவதும் வராத குழந்தைக்கு ஓர் ஊன்றுகோல் உண்டு. வகுக்கும் எண்ணை இரட்டித்து இரட்டித்துப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்: 40, 80, 160, 320, 640. இவை முறையே 1, 2, 4, 8, 16 மூட்டைக்குரியவை. 936-இலிருந்து 640, பிறகு 160, பிறகு 80, பிறகு 40 என்று கழித்தாலும் 16 + 4 + 2 + 1 = 23 என்றே வரும். எகிப்து நாட்டுக் கணக்கர்கள் இம்முறையையே கையாண்டனர். ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டு, லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் இன்று காக்கப்படும் பாப்பிரஸ் ஏடு ஒன்றில், ரொட்டியையும் தானியத்தையும் பங்கிடும் கணக்குகள் இவ்வாறு இரட்டித்தும் கூட்டியும் போடப்பட்டுள்ளன.

தொலைந்துபோகும் பூஜ்யம்

பள்ளியில் கற்பிக்கும் நீள் வகுத்தலும் இதே கழித்தல்தான். ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்னும் இட வரிசைப்படி ஒழுங்காகக் கழிக்கிறோம் என்பதே அதன் சிறப்பு. பொருள் அறியாமல் அம்முறையை மனப்பாடம் செய்தால் நேரும் பெரும் பிழை ஒன்றை இங்கே எடுத்துக்காட்டுவது அவசியம்.

7,245 ரூபாயை 35 அங்கத்தினர்களுக்குச் சமமாகப் பங்கிட வேண்டும். பிள்ளை போடும் முறை இது: 72-இல் 35 இரண்டு தடவை போகும், மீதி 2. அடுத்த 4-ஐ இறக்கினால் 24. அதில் 35 போகாது. ஆகவே 5-ஐயும் இறக்கினால் 245. அதில் 7 தடவை போகும். விடை 27. "போகாது" என்ற இடத்தில் ஈவில் ஒரு பூஜ்யம் இட வேண்டும் என்பது மறந்துவிட்டது. சரியான விடை 207. ஒரு பூஜ்யம் தொலைந்ததால் ஆளுக்கு 180 ரூபாய் தொலைந்தது.

கழித்தல் முறையைக் கற்ற குழந்தைக்கு இப்பிழை நேருவது அரிது. அது இவ்வாறு எண்ணும்: ஆளுக்கு 100 ரூபாய் கொடுத்தால் 3,500 போகும், ஆளுக்கு 200 கொடுத்தால் 7,000 போகும்.

7,245 − 7,000 = 245 (ஆளுக்கு 200)
245 − 245 = 0 (ஆளுக்கு 7)

200 + 7 = 207. முன்பு "72-இல் 2 தடவை" என்று சொன்ன அந்த 2 உண்மையில் 200 என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. பத்து ரூபாய் வீதம் கொடுக்க 350 வேண்டும், கையிலிருப்பதோ 245, ஆதலால் பத்தின் இடத்தில் ஒன்றும் இல்லை. அந்த "ஒன்றும் இல்லை" என்பதே பூஜ்யம். "கீழே இறக்கு" என்னும் கட்டளைக்கும் இப்போது பொருள் விளங்கும்: நூறு நூறாகக் கொடுத்து மீந்ததைப் பத்து பத்தாகவும், அதிலும் மீந்ததை ஒன்று ஒன்றாகவும் கொடுக்கப் போகிறோம் என்பதே அது.

எந்த வகுத்தலுக்கும் முன்னதாக, "விடை ஏறத்தாழ எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்ல பழக்கம். ஆளுக்கு நூறு கொடுத்தாலே 3,500 தான் ஆகிறது என்று முதலில் எண்ணிய பிள்ளை, 27 என்ற விடையைக் கண்டால் தானே ஐயுறும். ஐயுறத் தெரிவதுதான் கணக்கறிவின் தொடக்கம்.

மீதியை என்ன செய்வது?

ஏட்டில் "ஈவு 4, மீதி 2" என்று எழுதுவதோடு பள்ளிக் கணக்கு முடிந்துவிடுகிறது. வாழ்க்கைக் கணக்கு முடிவதில்லை. 50-ஐ 12-ஆல் வகுக்கும் மூன்று கேள்விகளைப் பாருங்கள்.

50 மூட்டைகளை, ஒரு நடைக்கு 12 மூட்டை ஏற்றும் வண்டியில் கொண்டுபோக எத்தனை நடை வேண்டும்? நான்கு நடைக்குப் பிறகு 2 மூட்டை களத்தில் கிடக்கும். அவற்றை விட்டுவர முடியாது. ஆகவே 5 நடை.

50 ரூபாய்க்கு, 12 ரூபாய் விலையுள்ள நோட்டுப் புத்தகம் எத்தனை வாங்கலாம்? 4 வாங்கலாம்; 2 ரூபாய் கைக்குத் திரும்பும்.

50 ரூபாயை 12 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு? நான்கு ரூபாய் போக மீந்த 2 ரூபாயை 200 பைசாவாக்கி மீண்டும் வகுக்கலாம். கணக்கேட்டில் ஆளுக்கு 4 ரூபாய் 16 பைசா எழுதி, எஞ்சிய 8 பைசாவைப் பொதுக் கணக்கில் வைக்க வேண்டும்.

எண்கள் ஒன்றே; விடைகள் மூன்று. எந்த விடை பொருந்தும் என்பதை எண் சொல்லாது, கேள்வியே சொல்லும். கொட்டையையும் பழத்தையும் கையால் கழித்துப் பழகிய குழந்தைக்கு மீதி என்பது கண்முன் கிடக்கும் பொருள். ஆகவே அதனை என்ன செய்வது என்று அது யோசிக்கும்.

பூஜ்யமும் பின்னமும்

மேல்வகுப்புப் பிள்ளைகளைக் குழப்பும் இரண்டு செய்திகளும் இம்முறையில் தெளிவாகின்றன.

"எந்த எண்ணையும் பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது" என்று ஆசிரியர் கூறுவார். ஏன்? 20-இலிருந்து பூஜ்யத்தைக் கழியுங்கள். 20 அப்படியே இருக்கும். மறுபடி கழித்தாலும் 20. ஆயிரம் முறை கழித்தாலும் கொட்டை குறையாது, கணக்கும் முடியாது. வெறுங்கையால் நெல்லை அள்ளாமல் "லாபம், இரண்டு" என்று எண்ணிக்கொண்டிருப்பது போன்றது அது. ஆதலால் அதற்கு விடை இல்லை.

அடுத்தது பின்னம். அரையைக் காலால் வகுத்தால் இரண்டு வரும் என்றால், வகுத்தபின் எண் எப்படிப் பெரிதாகும் என்று பிள்ளைகள் மயங்குவர். அரைப் படி அரிசியைக் காற்படியால் அளந்து காட்டுங்கள். ஒருமுறை, இருமுறை, அரிசி தீர்ந்தது. விடை இரண்டு. அரை, கால், அரைக்கால், வீசம் என்னும் பின்னங்களைத் திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் எண்சுவடியில் மனப்பாடம் செய்த நாடு இது. ஒரு காலில் எத்தனை வீசம் என்று கேட்டால் நான்கு என்று அவர்கள் உடனே கூறுவார்கள். கால் என்பதை வீசத்தால் வகுத்ததே அவ்விடை.

அறிஞர் முறையும் யந்திர முறையும்

இது சிறு பிள்ளைகளுக்கான விளையாட்டு முறை மட்டுமே என்று எண்ண வேண்டாம். கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்க அறிஞர் யூக்ளிட், தமது நூலின் ஏழாம் பகுதியில், இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காண, பெரியதிலிருந்து சிறியதைத் திரும்பத் திரும்பக் கழிக்கும் வழியைக் கூறியுள்ளார். நெசவாளர்களுக்கு அது பயன்படும் விதத்தைப் பாருங்கள். 150 சென்டிமீட்டர் நீளமும் 70 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டில், மீதியின்றி நிரம்பும்படி சதுரக் கட்டம் போட வேண்டும். மிகப் பெரிய கட்டம் எவ்வளவு? 150-இலிருந்து 70-ஐ இருமுறை கழித்தால் 10 எஞ்சும். 70-இலிருந்து அந்தப் பத்தை ஏழு முறை கழித்தால் ஒன்றும் எஞ்சாது. ஆகவே 10 சென்டிமீட்டர்க் கட்டம். நீளத்தில் 15, அகலத்தில் 7.

கணக்கு யந்திரங்களும் இவ்வழியே வகுத்தன. ஸ்வீடன் நாட்டில் பிறந்து ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் தொழில் நடத்திய ஓட்னர் என்பார் 1890 முதல் செய்து விற்ற கைப்பிடி யந்திரமும், அதனைப் பின்பற்றிப் பிற நாடுகளில் செய்யப்பட்டவையும், மின்சாரக் கணக்குப் பொறிகள் வரும்வரையில் பல அலுவலகங்களில் உழைத்தன. வகுக்க வேண்டுமானால் கைப்பிடியைப் பின்புறமாகச் சுழற்றுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கழியும். அளவு மீறிக் கழிந்துவிட்டால் மணி ஒலிக்கும். உடனே ஒரு சுற்று முன்னே திருப்பி, ஓர் இடம் தள்ளி மீண்டும் தொடங்குவார்கள். நீள் வகுத்தலில் நாம் செய்வதை அந்த யந்திரம் சக்கரங்களால் செய்தது.

நெதர்லாந்து நாட்டில் ஹான்ஸ் ஃபிராய்டெந்தால் (1905–1990) என்னும் கணித அறிஞரின் கருத்துகளையொட்டி 1970-களில் உருவான பாடமுறையும், வகுத்தலைக் கழித்தலிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சுருக்கிச் செல்கிறது. ஆயினும், கழித்தலோடு நின்றுவிடலாகாது என்பதையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 2014-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், தொடக்கப் பள்ளியின் முடிவில் நீள் வகுத்தல் முறையையே பிள்ளைகளிடம் எதிர்பார்க்கிறது. பல வரிகளில் கழித்தால் காலம் அதிகமாகும். ஒவ்வொரு வரியிலும் பிழை புக இடமுண்டு. ஆகவே கழித்தல் ஏணியின் முதற் படி. வாய்பாட்டைக் கற்பதும், முடிவில் நீள் வகுத்தலுக்கு வருவதும் அவசியமே. ஏணியின் மேற்படிக்குப் போகவேண்டும் என்பதற்காக முதற் படியை அறுத்துவிடக் கூடாது என்பதே நாம் வற்புறுத்துவது.

வீட்டில் செய்ய வேண்டியவை

நாள்தோறும் கால் மணி நேரம் போதும். முதல் வாரம் கொட்டையும் கிண்ணமும். அடுத்த வாரம் மீதி வரும் கணக்கு. பிறகு பத்து பத்தாகக் கழித்தல். இவை கைவந்தபின் நீள் வகுத்தலை இவற்றின் பக்கத்தில் எழுதி, எந்த வரிக்கு எந்த வரி ஈடு என்று குழந்தையையே காட்டச் சொல்லுங்கள். குழந்தைக்குக் குழந்தை வேகம் மாறும்; வாரக் கணக்கைப் பெரிதாகக் கொள்ள வேண்டாம்.

கணக்கைப் புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டுவதில்லை. வீட்டில் உள்ள துணி, நூற்கட்டு, முட்டை, தேங்காய், பால் கணக்கு ஆகியவையே போதும். பிழை நேர்ந்தால் திட்டாமல், "பெருக்கிச் சரிபார்" என்று மட்டும் சொல்லுங்கள். பிழையைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். பெண் குழந்தைகளையும் இதே அக்கறையுடன் அமர்த்துங்கள். பாவு ஓடுவதிலும் தார் சுற்றுவதிலும் களத்து வேலையிலும் சரிபங்கு உழைக்கும் பெண்கள் கூலிக் கணக்கில் மட்டும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பது நியாயமாகாது.

சங்கத்தின் நலன்

இது பள்ளிக்கூட விஷயமாயிற்றே, கூட்டுறவுப் பத்திரிகையில் எதற்கு என்று சிலர் கருதலாம். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடி ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளர்களும் இருந்தனர். கடையின் லாபத்தை முதலாளி ஒருவரே எடுத்துக்கொள்ளாமல், அவரவர் வாங்கிய சரக்கின் மதிப்பிற்கேற்ப அங்கத்தினர்களுக்கே திருப்பித் தருவது என்ற ஏற்பாட்டை அவர்கள் மேற்கொண்டனர். லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கும் வழக்கமும் பின்னர் அங்கே ஏற்பட்டது. கல்வி இல்லாத இடத்தில் கூட்டுறவு நிலைக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அந்தக் கொள்முதல் ஈவைச் சரிபார்க்க வேண்டியது என்ன? ஒரு சங்கத்தின் பண்டகசாலையில் ஆண்டு முழுவதும் 2,40,000 ரூபாய்க்கு விற்பனை. பகிர்ந்தளிக்கும் லாபம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 ரூபாய்க் கொள்முதலுக்கு ஒரு ரூபாய் ஈவு. ஓர் அங்கத்தினர் 2,360 ரூபாய்க்குச் சரக்கு வாங்கியிருக்கிறார். அவர் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து கழிக்கட்டும்:

2,360 − 2,000 = 360 (50 ரூபாய்)
360 − 360 = 0 (9 ரூபாய்)

ஈவு 59 ரூபாய். பாஸ் புத்தகத்தில் 59 இருந்தால் மனநிறைவு. வேறு எண் இருந்தால், மறுநாளே சங்கத்திற்குச் சென்று மரியாதையுடன் விளக்கம் கேட்கலாம். நல்ல நிர்வாகிகள் அக்கேள்வியை வரவேற்பார்கள். கேட்கத் தெரியாத அங்கத்தினர்கள் நிறைந்த சங்கத்தில் கணக்கு நேராக இருந்தாலும் சந்தேகம் வளரும். கோணலாக இருந்தாலும் வெளிப்படாது. இரண்டும் சங்கத்திற்குக் கேடு.

இன்று கிண்ணத்தில் கொட்டையை எண்ணிப் போடும் குழந்தைதான் நாளை பொதுச் சபையில் வரவு செலவு அறிக்கையைக் கையில் ஏந்தி அமரப்போகும் அங்கத்தினர். அக்குழந்தை வகுத்தலை அஞ்சாமல் கற்குமாறு செய்வது பெற்றோர் கடமை, சங்கத்தின் கடமையுமாகும். பள்ளி விடுமுறை நாள்களில் சங்கக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் பிள்ளைகளைக் கூட்டி, இருப்பில் உள்ள நூற்கட்டுகளையும் மூட்டைகளையும் கொண்டே ஒரு மணி நேரம் இப்பாடத்தை நடத்தச் செலவு ஏதுமில்லை. ஒவ்வொரு சங்கமும் இதனை ஆலோசித்துச் செய்தல் நலம்.